கேப்புக்குள் இருந்த நிக்கல்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அப்போது 'மன்றம்' என்ற பெயரில் இயங்கியது. என் கட்சிக்காரர் தையல் வேலை செய்யும் பெண்மணி. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்கு 'செராமிக் கேப்' போட்டிருந்தார். சில வாரங்களிலேயே கேப் உரசும் கன்னத்தின் உட்புறம் புண்ணாகிவிட்டது. உதட்டோரம் அரிப்பு, ரசத்தின் காரம்கூடத் தாங்கவில்லை. பல் மருத்துவர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பெயர்தான் செராமிக். விலை குறைந்த கேப்களில் பீங்கான் பூச்சுக்கு உள்ளே பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவைதான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் நிக்கல். கவரிங் நகை பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் இதே நிக்கலால்தான். தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்தார். நிக்கல் வைத்த இடம் தடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் அடங்கவில்லை.

பல் மருத்துவர் மீது வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். "ஒவ்வாமை உண்டு என்றுதான் டெஸ்ட் சொல்கிறது. வாய்ப்புண்ணுக்கு அதுதான் காரணம் என்று சொல்லவில்லையே" என்றார். சரியான கேள்வி. கேப்பைக் கழற்றி, நிக்கல் இல்லாத சிர்கோனியா கேப் போட்ட பிறகு புண் ஆறியதற்கான படங்களைத் தாக்கல் செய்தோம். அடுத்து, நோயாளியிடம் சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து எல்லாம் சொல்ல வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோலி தீர்ப்பை எடுத்தேன். அதே தீர்ப்பில், எங்கோ அரிதாக நேரக்கூடிய ஆபத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றும் இருப்பதை அவர் படித்துக் காட்டினார்.

அரிதா இல்லையா என்பது ஆளைப் பொறுத்தது. குறுக்கு விசாரணையில் பல் மருத்துவரிடம், சிகிச்சைக்கு வந்தபோது கட்சிக்காரர் காதில் என்ன போட்டிருந்தார் என்று கேட்டேன். "வேப்பங்குச்சி. கவரிங் போட்டால் புண்ணாகும் என்றார்" என்றார், மறைக்காமல். நல்ல மனிதர். கேஸ் ஷீட்டில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. மருந்து ஒவ்வாமை மட்டும்தான் கேட்பது வழக்கமாம்.

சிகிச்சையில் கவனக்குறைவு இல்லை, உலோகத்தைச் சொல்லாதது சேவைக் குறைபாடு என்றது மன்றம். கேப்புக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும், சிறு தொகை இழப்பீடு தரவும் உத்தரவானது. சிர்கோனியா செலவு மட்டும் கிடைக்கவில்லை: முன்பே சொல்லியிருந்தாலும் அந்த விலையை அவர்தானே கொடுத்திருப்பார் என்பது மன்றம் சொன்ன காரணம். புண்ணையும் இரண்டாவது சிகிச்சையையும் கணக்கில் எடுக்காத அந்தக் காரணம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். "தீபாவளித் துணி குவிஞ்சு கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் கட்சிக்காரர்.