மணிக்கொரு தரம்

அம்பத்தூர் எஸ்டேட் வந்தது 1964-ல். ஸ்டான்லியில் டாக்டர் வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது 1971-ல். பவர் பிரஸ் ஓடும் ஊருக்கு அது தேவைப்பட்டது.

என் அண்ணனுக்கு வேறொரு ஆஸ்பத்திரி. தொடைச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து, பிரஸ்ஸில் நசுங்கிய புறங்கையில் தைத்தார்கள். குழாய் அடைக்காமலிருக்க ஹெப்பாரின். அந்த மருந்தாலேயே உள்ளே கசியவும் செய்யும். நர்ஸ் மணிக்கொரு தரம் விரலால் அமுக்கிப் பார்ப்பார். வெளுத்த இடம் சட்டென நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. திரும்பவே இல்லையென்றால் தமனியில். எங்கள் கறுத்த தோலில் இதைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும்.

இரண்டாம் ராத்திரி சதை உப்பி நீலம் பாய்ந்தது. "உள்ள ரத்தம் கட்டி அமுக்குதும்மா, உடனே தியேட்டர் போகணும்."

"கை இருக்குமா சிஸ்டர்?" என்றார் அண்ணி. அவர் பதில் சொல்லவில்லை.

தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை வழித்தெடுத்தார்கள். விடியும்போது நர்ஸ் அமுக்கினார். வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினார், நிறம் திரும்பியது.