மொறிஸ் மைனரின் முன் கண்ணாடி

அப்பாவின் மொறிஸ் மைனர் 1956க்கு முந்தினது. முன் கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு தண்டு. அந்த வருசம் வந்த மைனர் 1000இலிருந்துதான் வளைந்த ஒற்றைக் கண்ணாடி. இந்த வித்தியாசத்தின் அருமை யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு விளங்கியது 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு. வளைந்த கண்ணாடியை ஊரில் எவராலும் செய்ய முடியாது. தட்டைக் கண்ணாடியை வெட்டலாம்.

பருத்தித்துறை வீதியில் முன்னால் போன லொறியின் சில்லில் இருந்து தெறித்த கல், இடப்பக்கத் துண்டை ஒரே நொடியில் கற்கண்டாக்கிவிட்டது. சீற் மடிப்புகளுக்குள் கிடந்ததை அம்மா நாள்கணக்காகப் பொறுக்கினா. ஹயர் ஓடித்தான் எங்கள் அடுப்பு எரிந்த காலம் அது. காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் கார்புரேட்டருக்குச் சில துளி பெற்றோல்.

கராச் மாமா ஒரு பழைய பஸ்ஸின் கண்ணாடித் துண்டைத் தேடிப் பிடித்தார். அப்படித் தூளாகிற கண்ணாடி, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தது. அதில் வெட்டுக்கோடு போட்டால் முழுதும் நொறுங்கிவிடும். பஸ் கண்ணாடியோ இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. வலப்பக்கத் துண்டைக் கழற்றி மட்டையில் அச்செடுத்து, திருப்பிப் போட்டு, அதன்படி வைரமுனையால் இரண்டு பக்கமும் கோடு இழுத்தார். மெல்லத் தட்டினார். தகடுகள் பிரிந்தும் படலம் விடவில்லை. கோடு நெடுக ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார். நீலச் சுவாலை ஓடி அணைந்ததும், இளகிய படலத்துக்குள் பிளேட்டை விட்டு அறுத்தார். விளிம்பை நீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்தபோது கேட்ட சத்தத்துக்கு என் பல் இன்றைக்கும் கூசும்.

ரப்பர் புதிதாகக் கிடைக்க வழியில்லை. கடுத்துப்போன பழையதையே சுடுநீரில் ஊறவைத்து, கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிக்காடியில் நைலோன் கயிறு சுற்றினார். வழுக்கி இறங்கச் சவர்க்கார நுரை வேண்டும். சவர்க்காரத்துக்கு எங்கே போக? பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை. தோய்த்துக் காயவிட்ட சட்டையை மாடு சப்பிவிடாமல் காவல் இருக்கவும் வேண்டும். அந்தக் களியைத்தான் கரைத்துத் தடவினார்.

மாமா வெளியில் நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அமத்த, கயிற்று நுனி உள்ளே என் கையில்.

"ஆறுதலா இழு தம்பி. வெட்டி இழுத்தா ரப்பர் கிழிஞ்சிடும்."

கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஒவ்வொரு விரற்கடையாகப் புரண்டு ஏறியது. மூலையில் இறுகி நின்றது. மாமா வெளியிலிருந்து அந்த இடத்தில் ஒரு குத்து விட்டார், உதடு ஏறிக்கொண்டது. அந்தக் கைக்கு இணையான கையை நான் பிறகு எந்தத் தொழிற்சாலையிலும் காணவில்லை.

அப்பா உள்ளே ஏறி இருந்துகொண்டு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். கீழ் மூலையில் கசிந்தது. மாமா அதற்குப் புட்டி அப்பினார். மறுநாள் விடியவே கரவெட்டிக்கு ஒரு கலியாண ஹயர் இருந்தது. அப்பா அந்தக் காரில்தான் மாப்பிள்ளையை ஏற்றிப் போனார்.