லாஃப்ட் மேல் டைலன் டாக்

சின்ன வயசுல எங்கப்பாவுக்குத் தெரியாம காமிக்ஸைக் கணக்கு நோட்டுக்குள்ள வெச்சுப் படிச்சேன். இப்ப நாவலூர் ஃப்ளாட்டுல மகளுக்குத் தெரியாம லாஃப்ட் மேல, பழைய மிக்ஸி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வைக்கிறேன். காமிக்ஸ் படிக்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் விடுதலை இல்லை மக்களே!

ஒளிச்சு வெச்சது டைலன் டாக். லயன்-முத்து காமிக்ஸ் தமிழில் வெளியிட்டப்ப பிடிச்ச கிறுக்கு. தெரியாதவங்களுக்காக: இத்தாலிக்காரர் டிஸியானோ ஸ்க்ளாவி உருவாக்கின தொடர். 1986-ல் ஆரம்பிச்சது. டைலன், ஸ்காட்லாந்து யார்டு மாஜி போலீஸ். பேய், பிசாசு, எழுந்து நடக்கிற பிணம்னு யாரும் தொடாத கேஸாப் பார்த்து எடுப்பார். ஒரு நாளைக்கு 50 பவுண்டு, செலவு தனி. அவர் வீட்டு காலிங்பெல் அடிக்காது, வீல்னு அலறும். ரத்தமும் காதலும் தாராளம். சின்னப் பசங்களுக்கானது இல்லை.

எனக்கு டைலனைவிட அவரோட அசிஸ்டென்ட் க்ரௌச்சோவைத்தான் பிடிக்கும். ஹாலிவுட் காமெடியன் க்ரௌச்சோ மார்க்ஸை அப்படியே உரிச்சு வெச்ச ஆளு. அதே மீசை, அதே சுருட்டு. கண்ணீரும் கம்பலையுமா வந்து நிக்கிற கிளையன்ட்கிட்டயே கடி ஜோக்கை அள்ளி விடுவார். டைலன் சிரிக்கவே மாட்டார். ஆனா உயிர் போற நேரத்துல துப்பாக்கியை கரெக்டா தூக்கிப் போடுறது இந்த மொக்கை மன்னன்தான். 1999-ல் அமெரிக்காவில் டார்க் ஹார்ஸ் வெளியிட்டப்போ, சட்டச் சிக்கல் வரும்னு மீசையை வழிச்சு, பேரையும் ஃபெலிக்ஸ்னு மாத்திட்டாங்க. 2011-ல் அங்க வந்த படத்துல ஆளே கிடையாது. வெளங்குமா?

சரி, மேட்டருக்கு வர்றேன். போன மாசம் ஆணி புடுங்கி முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு வந்தா, தங்கமணி வாசல்லயே முறைக்கிறாங்க. கொலு பொம்மை எடுக்க லாஃப்ட்டுல ஏறினப்ப டப்பா சிக்கி, அதுல இருந்த புத்தகம் மகள் கைக்குப் போயிருக்கு. தமிழ்ப் புத்தகமெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கணும்னு விட்டுட்டா. (அவ்வ்வ்!) தலையணை சைஸ் ஆங்கிலத் தொகுப்புல முதல் கதையை மட்டும் முடிச்சிருக்கா. செத்துப்போன புருஷன் எழுந்து வர்ற கதை அது.

எங்கப்பா ஆடி மாசம்தான் தவறினார்.

அன்னிக்கு ராத்திரி லைட்டை அணைக்கவே விடலை. பக்கத்துல படுத்துக்கிட்டு, எல்லாம் கற்பனைம்மா, யாரோ உக்காந்து வரைஞ்சதுன்னு சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா.

"தாத்தா வரமாட்டாராப்பா?"

"வரமாட்டார்டா. பயப்படாதே."

"பயமில்லப்பா. அதுல எல்லாரும் மண்ணுக்குள்ளேருந்துதானே வர்றாங்க? நீங்க தாத்தாவை எரிச்சுட்டீங்களே. அப்புறம் எப்படி வருவார்?"

எனக்கு வாயே வரலை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. கடைசியில, எங்கப்பா அவகிட்ட எப்பவும் சொல்ற ஜோக்கைத்தான் எடுத்து விட்டேன். "பேய்க்கு ஏன் கால் இல்லை தெரியுமா? செருப்புக் கடைக்காரன் கடன் தரமாட்டேன்னுட்டான்."

"இதைத் தாத்தாவே நூறு தடவை சொல்லிட்டார்ப்பா."

சிரிக்கலை. திரும்பிப் படுத்துக்கிட்டு, லைட்டை அணைச்சுக்கோன்னா.

டிஸ்கி: மிக்ஸி டப்பா இப்ப என் ஆபீஸ் டெஸ்க் அடியில. தங்கமணி உத்தரவு.