அந்தத் தாய் சொன்னதை நான் கேட்கவில்லை

உணர்வோடு கிடந்த ஒருவனை உணர்வில்லாதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அது தப்பு என்று தெரிந்த பிறகும் அவன் தாயிடம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் குற்றத்தைவிட இரண்டாவதுதான் என்னை அரிக்கிறது.

ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்த இளைஞன். தலையில் ஆபரேஷன் முடிந்து, தொண்டையில் துளையிட்டு, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. கோமா தெளிந்து கண் திறந்துவிட்டான். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கவில்லை. கிள்ளினேன்; கை மடங்கியது, அவ்வளவுதான். 'வெஜிடேடிவ் ஸ்டேட்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். விழித்திருப்பார், தூங்குவார், ஆனால் தன்னையும் சுற்றியிருப்பவரையும் அறியமாட்டார் என்பது அதன் பொருள்.

"நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனா கண்ணு என் பின்னாடியே வருது சார்" என்றார் தாய்.

"அது தானா நடக்குறதும்மா. புரிஞ்சு பார்க்கல" என்றேன். கட்டிலருகே நின்றபடி, அவன் காதுபடவே, "இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றும் சொன்னேன்.

தெரியாமல் செய்யவில்லை. ஆளைக் கண் தொடர்வது உணர்வு திரும்புவதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கொஞ்சமேனும் உணர்வுள்ளவர்களை 'மினிமலி கான்ஷியஸ்' என்று 2002-லேயே ஆய்வாளர் ஜியாசினோவும் சகாக்களும் தனியாகப் பிரித்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வையும் படித்திருந்தேன். மருத்துவக் குழு கூடிப் பேசி உணர்வில்லை என்று முடிவுகட்டிய 44 பேரை, கோமா ரிகவரி ஸ்கேல் என்ற அளவுகோலால் முறையாகச் சோதித்தபோது 18 பேருக்கு உணர்வு இருந்தது. அந்தப் பதினெட்டில் ஒருவன் என் வார்டில் படுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரவுண்ட்ஸ் அவசரத்தில் ஒரு நிமிடம் பார்த்தேன். அன்று அவனுக்குக் காய்ச்சல். வலிப்பு மருந்து வேறு அவனை மந்தமாக்கியிருந்தது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்த தாயின் கண்ணைவிட என் ஒரு நிமிடத்தைப் பெரிதாக நினைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். படுக்கைப் புண்ணுக்காகப் பல மாதம் கழித்து மறுபடி வந்தபோது, ஒரு முதுநிலை மாணவி அந்த அம்மாவின் பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். தன் முகம் தெரியும் கண்ணாடியைத்தான் இப்படிப்பட்டவர்களின் கண் எளிதாகத் தொடரும். கண்ணாடியை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். கண் போனது. வலப்பக்கம் கொண்டுவந்தார். சற்றுத் தாமதித்து, அங்கேயும் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். திரும்பத் திரும்ப வந்தது.

தாய் என்னைப் பார்த்தார். "இப்பத்தான் முன்னேற்றம் தெரியுதும்மா" என்றேன். பொய். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்.

அதற்குள் அவனுடைய இரண்டு முழங்கைகளும் மடங்கி இறுகியிருந்தன. பலனில்லாததற்கு எதற்குச் செலவு என்று, என் வார்த்தையை நம்பி, பிசியோதெரபியை நிறுத்தியிருந்தார்கள். அமன்டடின் என்ற மாத்திரையை அடிபட்ட 4 முதல் 16 வாரத்துக்குள் 4 வாரம் கொடுத்தால் தேறும் வேகம் கூடுகிறது என்று 184 பேரிடம் நடந்த 2012 ஆய்வு காட்டியிருந்தது. அந்தக் காலமும் கடந்துவிட்டது. பிறகு அவர்கள் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். நான் தேடிப்போய் உண்மையைச் சொல்லவில்லை.

2024-ல் வந்த இன்னோர் ஆய்வு என் தூக்கத்தைக் கெடுத்தது. சொன்ன எதையும் உடலால் செய்யாத 241 பேரின் மூளையை ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ இரண்டிலுமோ பார்த்தார்கள். 60 பேரின் மூளை சொன்னதைக் கேட்டு வேலை செய்துகொண்டிருந்தது. நான்கில் ஒருவர். அவன் காதுபட நான் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிப் படுத்திருந்தால், ஒருமுறை பார்த்துச் சொன்ன முடிவை ஏற்காதீர்கள். காய்ச்சல் இல்லாத நாளில், வேறு வேறு நேரத்தில், பலமுறை சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்டதை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கைகால்களுக்குப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். கட்டிலருகே யாராவது அவநம்பிக்கையாகப் பேசினால், அது டாக்டரே ஆனாலும், வெளியே போய்ப் பேசச் சொல்லுங்கள்.