கௌசானியில் ஓர் ஓய்வு நாள்

ராமகிருஷ்ணபுரத்தில் வாழும் நமக்கு மலை என்றால் உத்தர சுவாமிமலைதான். 1973-இல் கும்பாபிஷேகம் கண்ட அக்கோயிலின் படிகளை ஏறி இறங்கிய பழக்கமே போதும் என்று நம்பி, சென்ற ஐப்பசியில் நானும் என் மகனும் சைக்கிளில் குமாவுன் மலைக்குப் புறப்பட்டோம். அந்த நம்பிக்கை பிழையென்று மூன்றாம் நாள் மாலை என் இடது முழங்கால் அறிவித்தது.

பழைய டில்லியில் இரவு ரயிலேறினால் விடியற்காலையில் காத்கோதாம். சைக்கிள்கள் லக்கேஜ் வண்டியில் வந்தன. முதல் நாள் பவாலி. இரண்டாம் நாள் அல்மோரா. மூன்றாம் நாள் சோமேசுவரப் பள்ளத்தாக்கின் வழியே கௌசானி. சோமேசுவரத்தில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கோசி நதிக்கரையில் கதிரடிக்கும் ஓசையைக் கேட்டதும் தஞ்சை ஜில்லாவுக்கே வந்துவிட்டதாக ஒரு மயக்கம். அடுத்து வந்த ஏற்றத்தில் அது தெளிந்தது. வலியை மகனிடம் சொல்லாமல், "இறங்கி நடந்தால் காட்சி நன்றாகத் தெரிகிறது" என்று கூறி ஒப்பேற்றினேன்.

கௌசானி சுமார் 6,200 அடி உயரத்தில், பைன் மரங்கள் அடர்ந்த முகட்டின்மேல் அமைந்த சிற்றூர். மறுநாள் பாகேசுவரம் செல்வதாகத் திட்டம். காலையில் நான் படியிறங்கிய விதத்தை மகன் பார்த்துவிட்டான். "அப்பா, இன்று நீங்கள் சைக்கிளைத் தொடக்கூடாது" என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை எனக்கு உத்தரவிடுவதா என்று கோபம் வந்தது. விடுமுறையும் எண்ணிச் சுட்ட பணியாரம் போல் இருந்தது. ஆயினும் முழங்கால் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டது.

விடியும் வேளையில் அனாசக்தி ஆசிரமத்தின் முற்றத்திற்குச் சென்று நின்றோம். வடக்கே திரிசூலம், நந்தாதேவி, பஞ்சசூலி ஆகிய சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்து, பிறகு வெளுத்தன. 1929 ஜூனில் சுற்றுப்பயணத்தினிடையே இளைப்பாற வந்த காந்தியடிகள், இரண்டு வாரமளவு இங்கே தங்கினார். அப்பொழுது இது தேயிலைத் தோட்டத்து விருந்தினர் விடுதி. இளைப்பாற வந்தவர் சும்மா இருந்தாரா? தாம் குஜராத்தியில் பெயர்த்த கீதைக்கு, 'அனாசக்தி யோகம்' என்னும் அந்நூலுக்கு, முன்னுரையை இங்குதான் எழுதி முடித்தார். அதில் 1929 ஜூன் 24 என்று தேதியிட்டிருக்கிறது. இவ்வூரை அவர் இந்தியாவின் சுவிட்சர்லாந்து என்றாராம். அதைத்தான் ஊரிலுள்ள பலகைகளெல்லாம் ஓதுகின்றன. எனக்கு அந்த ஒப்புமை வேண்டியிருக்கவில்லை.

தேநீர்க் கடையில் 'மண்டுவா' ரொட்டியும் 'கஹத்' பருப்பும் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் விளங்கிவிட்டது: கேழ்வரகும் கொள்ளும்! நம் பாட்டிமார் சமைத்த அதே பண்டம் இமயத்தின் மடியில் வேறு பெயரோடு இருக்கிறது. டில்லியில் பிறந்த என் மகன் கொள்ளு ரசத்தை வீட்டில் தொட மாட்டான். இங்கே இருமுறை கேட்டு வாங்கினான்.

உண்டதும் அவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. மலையடியில் கோமதி நதிக்கரையிலுள்ள பைஜ்நாத் ஆலயங்களைத் தனியே பார்த்துவர அனுமதி கேட்டான். போக சுமார் 17 கிலோமீட்டர் இறக்கம். வரும்போது அத்தனையும் ஏற்றம். வழியில் பிரியக்கூடாது என்பது அவன் தாயார் எங்களுக்கு விதித்திருந்த நிபந்தனை. மறுக்க வாயெடுத்தவன், ஏனோ, "தண்ணீர் எடுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

தனித்து விடப்பட்ட நான் மெல்ல நடந்து, 1900-இல் இவ்வூரில் பிறந்த இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த்தின் இல்லத்தைக் கண்டேன். இப்பொழுது அது காட்சிச்சாலை. பிறந்த சில மணி நேரத்திலேயே தாயை இழந்தவர். 1968-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்ற அவருடைய நூலின் பெயர் 'சிதம்பரா'. தமிழன் செவிக்கு அந்தப் பெயர் எவ்வளவு இனிக்கிறது! ஆனால் என் மனம் கவிதையில் செல்லவில்லை. மூன்று மணி முதல் சாலை வளைவையே பார்த்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தேன். கைபேசியில் அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. புல்லுக்கட்டுச் சுமந்து வந்த பெண்கள் இருமுறை என்னைக் கடந்து போனார்கள். தெய்வத்திடம் வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். பைஜ்நாத் என்பதும் வைத்தியநாதர் என்பதன் திரிபுதானே! முழங்காலுக்காக நான் தரிசிக்க வேண்டிய சுவாமியை, காலில் குறையில்லாதவன் தரிசிக்கப் போயிருந்தான்.

ஐந்து மணிக்குமேல், பனிமலைகள் மீண்டும் சிவக்கும் தருவாயில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். "இறங்கி நடந்தால் காட்சி நன்றாகத் தெரிகிறது, அப்பா" என்றான். கருங்கல்லில் வடித்த பார்வதியின் திருவுருவையும், நதியில் பொரிக்குக் கூட்டமாக வந்து மொய்த்த மீன்களையும் பற்றி இரவு வெகுநேரம் சொன்னான். பேச்சினிடையே தன் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டான். தைலப் புட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் பாகேசுவரத்தைக் கைவிட்டு, சைக்கிள்களை ஜீப்பின் கூரையிலேற்றி அல்மோராவுக்குத் திரும்பினோம். பைஜ்நாத் விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இக்கட்டுரை அச்சேறினால் தானே தெரிந்துவிடும்.