நினைவுத்தூணின் நிழலில்

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை கோவில் மணியோசையுடன் புலர்கின்றது. மேற்கே கடற்கரையை ஒட்டிப் புகைவண்டி ஓடுகின்றது. காலி வீதியிலோ காலை ஏழு மணிக்கே சன நெருக்கம். இவ்வூரிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு சிறு பயணம் சென்றுவர வாசகர்களை அழைக்கின்றோம். பார்க்கப்போவது நகரின் வேடிக்கைகளை அன்று. போர்வீரரை நினைவுகூரும் சில இடங்களையே.

படையிலிருந்து இளைப்பாறியோர் ஒன்றுகூடி அமைக்கும் சங்கங்கள், ஏனைய சங்கங்களைப் போன்றன அல்ல. ஒரே கூடாரத்தில் உறங்கியவர்களும், ஒரே அதிகாரியின் குரலுக்கு அடி பெயர்த்தவர்களும் கூடும் இடங்கள் அவை. ஓய்வூதியப் பத்திரம் எழுதத் தெரியாத சிப்பாய்க்கு எழுதிக் கொடுப்பதும், விதவையின் வீட்டு வாசலை மிதித்து நலம் விசாரிப்பதும் அவற்றின் பணி. இத்தகைய பணி பெரும்பாலும் யாரோ ஒருவரின் தோளிலேயே நிற்கும். அவர் மறைந்த பின் என்னவாகும் என்பதே நம் கேள்வி.

விடையின் ஒரு பகுதி வெள்ளவத்தையிலேயே கிடைக்கின்றது. முதலாம் உலகப் போர் முடிந்த நாளாகிய நவம்பர் 11ஆந் தேதியில், கொழும்பில் செந்நிறப் பொப்பி மலர் விற்கும் வழக்கம் இருந்தது. அதனால் திரண்ட பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே சென்றது. இந்நாட்டு வீரரின் வறுமையோ தீரவில்லை. ஆகவே 1930களின் தொடக்கத்தில், எலியன் பெரேராவின் தலைமையில் முன்னாள் படைவீரர் சிலர் 'சூரிய மல்' என்ற உள்ளூர் மலரை விற்கத் தொடங்கினர். சூரிய மல் வேறொன்றுமன்று. நம் யாழ்ப்பாணத்து வேலிகளில் மஞ்சளாய்ப் பூத்துச் சொரியும் பூவரசம்பூவே அது.

தொடங்கியவர்களின் முயற்சி தளர்ந்தபோது, 1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் அதனைக் கையேற்றனர். அதே ஆண்டில் வெள்ளவத்தை நூல், நெசவு ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றவர்களும் அவர்களே. 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் நாட்டை வாட்டியபோது, சூரிய மல் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்று நோயாளருக்குப் பணி செய்தனர். படைவீரர் விதைத்ததை, துப்பாக்கியே ஏந்தாத இளைஞர் வளர்த்தனர். ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன.

பஸ் ஏறி நகர மண்டபத்தருகே இறங்கினால், எதிரே விகாரமகாதேவிப் பூங்கா. அங்கே நிற்கும் உயர்ந்த போர்வீரர் நினைவுத்தூண், சேர் எட்வின் லட்யன்ஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1923இல் காலிமுகத்திடலில் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், கடலிலிருந்து பார்க்கும் யப்பானியருக்கு அது குறியாகிவிடுமென அஞ்சி, பெயர்த்தெடுத்து இங்கே நிறுவினர். கல்லுங்கூட இடம் பெயர்ந்து வாழ வேண்டியிருந்தது போலும்!

ஆண்டுதோறும் நவம்பரில் இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தார் இங்கு மலர்வளையம் சாத்துகின்றனர். உலகப் போரிற் பங்குகொண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர். இன்று அவர்களுக்காக மௌனம் காப்போர், அவர்களை நேரிற் கண்டிராத பிற்காலத்தவரே. எனினும் எக்காளம் ஒலிக்கும்போது தலைகள் தாழ்கின்றன.

இவ்விடத்தில் நாம் நினைக்கவேண்டிய தமிழர் ஒருவர் உண்டு. 1908இல் பிறந்து, ஒக்ஸ்போர்டிற் பயின்று பரிஸ்டரான அன்ரன் முத்துக்குமாரு, வழக்கறிஞர் அங்கியோடு நிற்காமல் இலங்கை இலகு காலாட்படையிற் சேர்ந்தார். 1949இல் நிரந்தரச் சேனை அமைந்தபோது அப்படையின் முதற் பட்டாளத்தை நடத்தினார். 1955 பெப்ரவரியில் இலங்கையரான முதற் சேனாதிபதியாகி, 1959 இறுதி வரை அப்பதவியில் இருந்தார். பின்பு அந்நிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியானார். 1987இல் நாட்டின் போர்வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். தாம் அறிந்தவை தம்மோடு அழியக்கூடாதென்று எழுதிவைத்த அவர், 2001இல் மறைந்தார். 1881இல் தோன்றிய அவருடைய படைப்பிரிவு இன்றும் நடைபெறுகின்றது.

ஆனால் வெள்ளவத்தைத் தமிழன் ஒருவன் இத்தூணின் கீழ் நிற்கையில், அவன் மனம் எளிதில் அமைதியுறாது. 1983 ஜூலையில் அவன் தெருவில் வீடுகள் எரிந்தன. 2009 வரை நீண்ட போரில் மாண்ட அவன் உறவினர் எத்தனையோ பேரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நாட்டின் முதற் சேனாதிபதிகளுள் ஒருவர் நம்மவர் என்ற பெருமையும், பின்னர் நேர்ந்தவற்றின் துயரும் ஒரே நெஞ்சிற்றான் தங்கவேண்டியிருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நினைவாகாது.

இந்தப் பாரத்தோடு கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம். புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்குவிமாடம் தூரத்திலேயே தெரிகின்றது, துறைமுகம் அருகில். 1942 ஏப்ரல் 5ஆந் தேதி, உயிர்த்தஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இத்துறைமுகத்தின்மேலேயே. கொழும்பின் லிவரமெந்து மயானத்தில், அந்தப் போர்க்காலத்தில் மாண்ட பொதுநலவாய வீரர் பலர் உறங்குகின்றனர். அத்தகைய கல்லறைகளுக்கு ஒரு விதி உண்டு. பதவி, இனம், சமயம் எதுவாயினும், எல்லாருக்கும் ஒரே மதிப்பு. அதிகாரிக்கென்று பெரிய கல் கிடையாது.

நாம் தேடிவந்த விடை இங்கு முழுமை பெறுகின்றது. தலைவன் மறைந்தபின் ஒரு சங்கம் வாழ்வது, அவனுக்குச் சமமான இன்னொருவன் கிடைப்பதால் அன்று. அவன் செய்த சிறுபணிகளைப் பலரும் பங்கிட்டுக்கொள்வதால். ஒருவர் பெயர்ப் பட்டியலைக் காக்கின்றார். ஒருவர் விதவையைச் சென்று காண்கின்றார். ஒருவர் நவம்பரில் மலர் கொணர்கின்றார். அம்மலருக்குப் பக்கத்தில், பெயர் பொறிக்கப்படாதோருக்கும் ஒரு பூவரசம்பூவை வைக்கும் நாள் வருமாயின், அன்றே இத்தூண் நம் எல்லாருக்கும் உரியதாகும்.

மாலையில் வெள்ளவத்தைக்கு மீள்கின்றோம். கோவில் மணி மீண்டும் ஒலிக்கின்றது.