பெரியப்பாவின் சஹானா

பெரியப்பா கேசட்டுகளில் சேர்த்து வைத்த கச்சேரிகள் இப்போது கணினியில் பாதி ஷார்ட்டன் கோப்புகள், மீதி எம்பி3. ஷார்ட்டன் தொண்ணூறுகளின் சரக்கு. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளைக் கைமாற்றிக்கொண்ட ரசிகர்கள் உலகமெங்கும் ஒரு காலத்தில் அதைத்தான் நம்பினார்கள். இன்றைக்கு செல்போனில் போட்டால் பெரும்பாலும் பாடாது. அதனால் ஒவ்வொன்றாக, அதைப் போலவே எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாற்றும்போது காதில் விழுவது பாட்டு மட்டுமில்லை. கொட்டிவாக்கம் வீட்டில் பெரியப்பா ரேடியோவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, அதன் மேல் மைக்கை நிறுத்தித்தான் பதிவு செய்வார். அப்போது அந்தப் பக்கம் வீடுகள் குறைவு; கடற்காற்று நேராக ஜன்னலுக்கு வரும். உப்பு ஏறி டேப் ரெக்கார்டரின் திருகாணியெல்லாம் துருப்பிடித்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்த பிறகுதான் பட்டனை அழுத்துவார்.

அவருக்கு எம்.டி. ராமநாதன் என்றால் உயிர். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் நம் பக்கத்து மனிதர் என்று உரிமையோடு பேசுவார். 1984-இல் எம்.டி.ஆர். போன பிறகு அவர் பாடிய கேசட்டுகளை யாருக்கும் இரவல் தரவில்லை. சஹானா ராகத்தில் ஒரு பிடியைப் பாடிவிட்டு எம்.டி.ஆர். நிறுத்துவார் பாருங்கள், அந்த இடைவெளியில் தம்புரா மட்டும் கேட்கும். கூடவே எங்கள் வீட்டுக் காற்றும்.

ஃப்ளாக்கின் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கும் அந்தக் காற்று ஒரு காரணம். முந்தைய ஒலிப்புள்ளிகளை வைத்து அடுத்ததைக் கணிக்கும். கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். இரைச்சலைக் கணிக்க முடியாது. அதைத் துணுக்குத் துணுக்காக எழுதித்தான் ஆகவேண்டும். பெரியப்பாவின் கேசட்டுகள் வட்டில் பிடிக்கும் இடத்தில் கணிசமான பங்கு கடற்காற்றுக்கும் டேப்பின் உஸ்ஸுக்கும்தான் போகிறது. போகட்டும்.

ஒரு பதிவில் பெரியம்மாவின் குரல் இருக்கிறது: "ஏங்க, ரசம் ஆறுது." அவரிடம் போட்டுக் காட்டினேன்.

"ஐயோ, பாட்டுக்கு நடுவுலயா? அதை எடுத்துடுடா."

"மாட்டேன் பெரியம்மா."

இரைச்சல் நீக்கும் மென்பொருள் எத்தனையோ இருக்கிறது. கேட்பதற்கு ஒரு பிரதியைச் சுத்தம் செய்துகொள்ளலாம். மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாற்றியதும் பழைய கோப்பையும் புதியதையும் விரித்து ஒப்பிடுவேன். மூல ஒலிக்கான எம்டி5 சரிபார்ப்பு எண் ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஒரு பிட் பிசகினாலும் தெரிந்துவிடும்.

ஷார்ட்டனில் ராகம், தாளம், பக்கவாத்தியம் எழுத இடமில்லை. தனியாக ஒரு உரைக் கோப்பு கூடவே அலையும், ஒருநாள் தொலையும். ஃப்ளாக்கில் அதையெல்லாம் உள்ளேயே, தமிழ் எழுத்திலேயே எழுதலாம். கேசட் அட்டையில் பெரியப்பா நீல மையில் எழுதியிருந்ததை அப்படியே தட்டச்சு செய்கிறேன்: "சஹானா. ரொம்ப நிதானம். மழை." அந்த "மழை"யையும் விடவில்லை.

2001-இல் ஜாஷ் கோல்சன் ஃப்ளாக்கின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். யாருக்கும் காப்புரிமைக் கட்டணம் கிடையாது. 2024-இல் அது இணையத் தரநிலையாகவும் ஆகிவிட்டது. ஷார்ட்டனுக்கு நேர்ந்தது இதற்கு நேராது என்று நம்ப அது போதும்.

எம்பி3 கோப்புகளைத் தொடவில்லை. காது கவனிக்காது என்று அது கழித்துவிட்டதில் தம்புராவின் ரீங்காரமும் கொஞ்சம் போயிருக்கிறது. ஃப்ளாக்காக்கினால் கோப்பு பெருக்கும், போனது வராது. அவற்றின் மூல கேசட்டுகள் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கலாமாம். டெக்குக்கு பெல்ட் மாற்றவேண்டும், சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன்.